அலைவரிசைப் புறம்போக்கு: முக்கியமில்லாத பேச்சின் வரலாறு குறித்து

1927இல் வாஷிங்டனில் கூடிய சர்வதேச வானொலித் தந்தி மாநாடு வகுத்த விதிகளில், சொந்த ஆர்வத்துக்காக ஒலிபரப்புக் கருவி வைத்திருப்பவர்களைப் பற்றி ஒரு ஷரத்து உண்டு. வெவ்வேறு நாட்டு அமெச்சூர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளலாம். ஆனால் மறைகுறி இல்லாத வெளிப்படையான மொழியில் பேச வேண்டும். பேச்சு தங்களுடைய சோதனைகளைப் பற்றியதாக இருக்க வேண்டும். அதுபோக ஏதாவது சொந்த விஷயம் பேசுவதானால், பொதுத் தந்தி சேவையை நாடும் அளவுக்கு அதில் முக்கியத்துவம் இருக்கக் கூடாது.

கடைசி நிபந்தனையை இன்னொரு தடவை வாசிக்கலாம். சட்டம் வழக்கமாக எதைப் பேசக் கூடாது என்றுதான் சொல்லும். இது 'முக்கியமில்லாததைப் பேசு' என்று உத்தரவு போடுகிறது. வாசகங்கள் அங்கங்கே மாறினாலும் இந்த நிபந்தனை 2003இல் ஜெனீவாவில் கூடிய மாநாடு கைவிடும்வரை 76 வருஷம் உயிரோடு இருந்தது. முக்கியத்துவத்துக்கு அது வைத்த அளவுகோலும் கவனிக்கத்தக்கது. தந்தி ஆபீசில் காசு கொடுத்து அனுப்பத் தகுந்ததா, இல்லையா? தகுந்தது என்றால் அது முக்கியம். போய்க் காசு கட்டு. தகாதது என்றால் நீயே சும்மா பேசிக்கோ. அரசுகளின் தந்தி வருமானத்தைக் காப்பாற்றப் போட்ட வேலி இது. அந்த வேலிக்கு வெளியே தள்ளப்பட்ட பேச்சில்தான் ஒரு நூற்றாண்டுக் கூட்டுறவு முளைத்தது என்பது இக்கட்டுரையின் வாதம். அந்தக் கூட்டுறவும் தன் பங்குக்கு வேலி போட்டது. அதையும் சொல்லியாக வேண்டும்.

அமெச்சூர் ரேடியோ, வழக்குப் பெயரில் 'ஹாம்' ரேடியோ, என்பது பரீட்சை எழுதி, உரிமம் வாங்கி, தனக்கென ஓர் அழைப்புக் குறி பெற்று, வீட்டிலிருந்தே வானொலி மூலம் பிற அமெச்சூர்களோடு தொடர்பு கொள்வது. காசு வாங்கக் கூடாது. பாட்டு, விளம்பரம் போடக் கூடாது. மோர்ஸ் தட்டலாம், வாயாலும் பேசலாம். யார் வேண்டுமானாலும் ஒட்டுக்கேட்கலாம். ரகசியம் கிடையாது. இந்தக் கட்டுரைக்கு அமெரிக்கக் கிராமப்புறக் கழகங்களை எடுத்துக்கொண்டிருக்கிறேன். இன்று ஏழு லட்சத்துக்கும் அதிகமான உரிமதாரர்கள் உள்ள நாடு அது. ஒரு கவுண்டிக்கு ஒரு கழகம் என்று சொல்லும்படி, இருபது முப்பது பேர் கொண்ட சிறு கழகங்கள் அங்கே நெடுங்காலமாக இருந்துவருகின்றன. மேலே சொன்ன ஷரத்து நாடுவிட்டு நாடு பேசுவதற்குத்தான்; உள்நாட்டுக்குள் அமெரிக்கச் சட்டம் சற்றுத் தாராளம். ஆனால் ஷரத்தின் மனசு உள்ளூர்க் கழகத்துக்குள்ளும் குடியேறிவிட்டது.

*

கதையைக் கொஞ்சம் முன்னாலிருந்து தொடங்கணும். 1912 ஏப்ரலில் டைட்டானிக் மூழ்கியது. அதே ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்கா வானொலிச் சட்டம் கொண்டுவந்தது. அதுவரை கட்டுப்பாடின்றித் தட்டிக்கொண்டிருந்த பையன்களை 200 மீட்டரும் அதற்குக் குறைவுமான அலைநீளங்களுக்கு ஒதுக்கியது. அன்றைய நிபுணர் கருத்துப்படி அது எதற்கும் உதவாத பகுதி. நீண்ட அலைதான் தூரம் போகும், குறுகிய அலை ஊர் எல்லையைத் தாண்டாது என்று நம்பினார்கள். கடற்படையும் கம்பெனிகளும் நஞ்சையை எடுத்துக்கொண்டு இவர்களுக்குத் தரிசைக் கொடுத்தன. நம் வருவாய்த் துறை மொழியில் சொன்னால், புறம்போக்கு.

புறம்போக்கில் குடியேறியவர்கள் வேறு வழியில்லாமல் அதை உழுதுபார்த்தார்கள். 1921 டிசம்பரில் பால் காட்லி என்ற அமெரிக்க அமெச்சூர் ஸ்காட்லாந்தின் ஆர்ட்ராசன் கடற்கரையில் கூடாரம் போட்டு உட்கார்ந்து, அட்லாண்டிக்குக்கு அப்பாலிருந்து தம் நாட்டு அமெச்சூர்கள் அனுப்பிய சமிக்ஞைகளைக் கேட்டார். 1923 நவம்பரில் பிரான்சின் நீஸ் நகரத்து லியோன் தெலுவாவும் கனெக்டிகட் மாநிலத்தின் ஃப்ரெட் ஷ்னெல்லும் சுமார் 110 மீட்டர் அலைநீளத்தில் இருவழித் தொடர்பு கொண்டார்கள். தரிசு என்று தள்ளியதுதான் உலகத்தைச் சுற்றும் நிலம் என்று தெரிந்தது. அப்புறம் நடந்தது நமக்குப் பழகிய கதை. புறம்போக்கில் வெள்ளாமை வந்ததும் பட்டாவோடு ஆள் வந்து நின்றான். 1927 மாநாட்டில் அமெச்சூர்களின் வெளி சுருக்கி அளக்கப்பட்டது. அமெரிக்காவில் 7000 முதல் 8000 கிலோசைக்கிள்வரை அவர்களிடம் இருந்த இடம் 7300இல் நின்றுபோனது. நிலத்தைச் சுருக்கிய அதே மாநாடுதான் பேச்சையும் சுருக்கியது.

முதல் பேச்சு எப்படிப்பட்டது என்பதும் பதிவாகியிருக்கிறது. 1914இல் ஹார்ட்ஃபோர்ட் நகரத்து ஹிராம் பெர்சி மாக்ஸிம் என்ற பொறியாளருக்கு ஒரு வால்வு தேவைப்பட்டது. நாற்பது கிலோமீட்டர் தள்ளி ஸ்பிரிங்ஃபீல்டில் ஒருவரிடம் விலைக்கு இருப்பதாகக் கேள்வி. இவருடைய சமிக்ஞை அவ்வளவு தூரம் எட்டவில்லை. இடையில் விண்ட்ஸர் லாக்ஸ் என்ற சிற்றூரில் இருந்த இன்னொரு அமெச்சூர் செய்தியை வாங்கி மறுபக்கம் தள்ளிவிட்டார். இந்தக் கைமாற்றத்திலிருந்துதான் மாக்ஸிமுக்கு அமெரிக்க வானொலி அஞ்சல் கழகம் என்ற அமைப்பின் யோசனை வந்தது. போரில்லை, கப்பல் மூழ்கவில்லை. பழைய வால்வு ஒன்றை விலைபேசத்தான். நடுவில் இருந்த சிற்றூர்க்காரருக்கு இதில் பத்துப் பைசா லாபமில்லை. ஆனால் அவர் இல்லாமல் பேச்சு இல்லை. நகரங்களுக்கு இடைப்பட்ட ஊர் என்பதாலேயே ஓர் ஊர் முக்கியமாகிறது. கிராமத்து ரேடியோக்காரரின் இடம் அன்றைக்கே இப்படித் தீர்மானமாகிவிட்டது.

*

கிராமத்துக்கு ரேடியோ வருவதற்கு முன்பே அங்கே அதற்கு ஒரு முன்னோட்டம் நடந்திருந்தது. டெலிபோன்மீது பெல் வைத்திருந்த காப்புரிமைகள் 1893, 1894இல் காலாவதியாயின. கம்பெனிகளோ ஆள் அடர்த்தி இல்லாத கிராமத்துக்குக் கம்பி இழுக்கத் தயாராக இல்லை. விவசாயிகள் சுற்றுமுற்றும் பார்த்தார்கள். மாட்டை அடைக்க நட்டிருந்த முள்வேலியில் கம்பி தயாராக இருந்தது. வேலிக் கம்பியிலேயே டெலிபோனைக் கோத்தார்கள். சொத்தைப் பிரிக்கப் போட்ட வேலி பேச்சைச் சேர்த்தது! ஒரே கம்பியில் பத்துப் பதினைந்து வீடு. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு மணிக் குறி; இரண்டு நெடில் ஒரு குறில் என்பதுபோல. யாருக்கு மணி அடித்தாலும் எல்லாரும் எடுத்துக் காதில் வைப்பார்கள். நிற்காமல் ஒரு நீண்ட மணி அடித்தால் அது ஊருக்கே. தீ, புயல், அல்லது பொதுச் செய்தி. ஒட்டுக்கேட்பது அநாகரிகம் என்று எல்லாரும் சொன்னார்கள், எல்லாரும் கேட்டார்கள். ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டே இருப்பது என்ற இந்தப் பழக்கம், குறியால் ஆளை அறியும் பழக்கம், இரண்டும் ரேடியோ கழகத்துக்குக் கைகொடுத்தன.

1930களின் நடுவில் அமெரிக்கப் பண்ணை வீடுகளில் பத்தில் ஒன்றுக்குத்தான் மின்கம்பி எட்டியிருந்தது. கிராம மின்மயத்துக்கென்று தனி அமைப்பு வந்ததே 1935இல்தான். ஆகவே பண்ணை வீட்டுப் பையனுக்கு ரேடியோ என்றால் பாட்டரி. பாட்டரிக்குச் சார்ஜ் ஏற்றக் காற்றாடி. தண்ணீர் இறைக்கும் காற்றாலைக் கோபுரத்தில் ஏரியல் கம்பி. நகரத்து ஹாம் கடையில் வாங்கியதைக் கிராமத்தான் தட்டுமுட்டுச் சாமான்களிலிருந்து செய்துகொண்டான். இதை 'கிராமத்து மேதைமை' என்று கொண்டாடும் கட்டுரைகள் நிறைய உண்டு. எனக்கு அதில் ஈடுபாடு கிடையாது. காசில்லாதவன் கையால் செய்வான், அவ்வளவுதான். ஆனால் தனியாகச் செய்ய முடியாத வேலைகள் சில இருந்தன. அறுபது எழுபது அடிக் கோபுரத்தை ஒரு ஆள் நிமிர்த்த முடியாது. அக்கம்பக்கத்தார் கூடித் தானியக் களஞ்சியத்துக்கு மரச்சட்டம் எழுப்பிக் கொடுப்பது அங்கே பழைய வழக்கம். நம்மூரில் கூரை மாற்ற ஊரே வந்து நிற்பதைப் போல. அந்த வழக்கம் ஆன்டெனாவுக்கு மாறியது. ஒரு சனிக்கிழமை காலையில் ஏழெட்டுப் பேர் கயிறும் இடுக்கியுமாக வருவார்கள். கோபுரம் ஏறத் துணிந்தவன் ஒருவன், கீழே நின்று ஆளுக்கொரு யோசனை சொல்பவர்கள் பலர். சாயங்காலம் சாப்பாடு வீட்டுக்காரர் பொறுப்பு. அடுத்த மாதம் இன்னொருவர் வீடு. இந்தக் கடன் கணக்கு எந்த நோட்டிலும் எழுதப்படுவதில்லை, யாரும் மறப்பதுமில்லை.

கற்றுக்கொடுப்பதும் இதே மாதிரிதான். புதிதாக வருகிறவனுக்கு மோர்ஸ் சொல்லிக்கொடுத்து, சாலிடர் வைக்கக் காட்டி, பரீட்சைக்குத் தயார் செய்யும் மூத்தவரை அங்கே 'எல்மர்' என்பார்கள். 1971இல் அவர்களுடைய மாதப் பத்திரிகையில் ஒருவர் தன் ஆசானைப் பெயர் சொல்லி நினைவுகூர, அந்தச் சாதாரண ஆளின் பெயரே பொதுப்பெயராயிற்று. 1984 முதல் பரீட்சையைக்கூட அரசு தன் கையில் வைத்துக்கொள்ளவில்லை. உரிமம் பெற்ற தன்னார்வலர்கள் மூன்று பேர் உட்கார்ந்து நடத்தலாம். தீயணைப்பு நிலையத்துப் பின்னறையிலோ நூலகத்திலோ கூடும் ஒரு கிராமத்துக் கழகம் அரசாங்கத்தின் ஒரு சின்ன வேலையைக் கூலியில்லாமல் பார்க்கிறது. இதைத் தன்னாட்சி என்பதா, அரசின் சிக்கனம் என்பதா? இரண்டும்தான்.

*

கழகத்தின் இருதயம் மாதாந்திரக் கூட்டமல்ல, வாராந்திர 'நெட்'. ஏதோ ஒரு கிழமை, இரவு எட்டு மணி. குன்றின்மேலோ தண்ணீர்த் தொட்டிமேலோ கழகம் பராமரிக்கும் ரிப்பீட்டர் ஒன்று இருக்கும். சிறு கருவிகளின் பேச்சை வாங்கி உரக்கத் திருப்பி அனுப்பும் நிலையம் அது. நெறியாளர் ஒருவர் நெட்டைத் திறக்கிறார். அவசரச் செய்தி யாரிடமாவது உண்டா என்று கேட்கிறார். மௌனம். பிறகு ஒவ்வொருவராகத் தம் குறியைச் சொல்லி உள்ளே வருகிறார்கள். குறி, பெயர், ஊர், அப்புறம் அந்த மந்திரம்: 'நோ ட்ராஃபிக்'. அதாவது, என்னிடம் யாருக்கும் அனுப்ப வேண்டிய செய்தி எதுவும் இல்லை. இருபது பேர் வரிசையாக வந்து தம்மிடம் சொல்ல ஒன்றுமில்லை என்று சொல்வதற்கு ஒரு மணி நேரம் ஆகிறது. பிறகு கொஞ்சம் மழை, சோளம், முதுகுவலி, யாரோ ஒருவரின் ஆன்டெனாவில் அணில் கடித்த கதை. நெட் முடிந்தது.

வெளியாளுக்கு இது அபத்த நாடகம். ஆனால் மொழியியலாளர் ரோமன் யாக்கப்சன் 1960இல் வெளிவந்த கட்டுரையில் மொழியின் ஆறு செயல்பாடுகளைப் பிரித்தபோது ஒன்றை இதற்கென்றே ஒதுக்கினார். செய்தி சொல்வதற்கல்லாமல், வழி திறந்திருக்கிறதா என்று பார்ப்பதற்காகவே பேசும் பேச்சு. 'கேக்குதா?' என்று டெலிபோனில் கேட்கிறோமே, அது. குழந்தை முதலில் கற்கும் மொழிச் செயல்பாடு இதுதான் என்றார். பேசும் பறவைகளோடு மனிதர் பகிர்ந்துகொள்வதும் இதைத்தான். இந்தக் கருத்தை அவர் மாலினோவ்ஸ்கியிடமிருந்து பெற்றார். ட்ரோப்ரியாண்ட் தீவுகளில் ஆய்வு செய்த மாலினோவ்ஸ்கி, கூடி உட்கார்ந்து நலம் விசாரிக்கும் பேச்சு எதையும் தெரிவிப்பதில்லை, ஆட்களைப் பிணைக்கிறது என்று 1923இல் எழுதினார். 'சாப்டாச்சா?' என்று கேட்பவர் நம் வயிற்றைப் பற்றிய தகவலைத் திரட்டவில்லை என்பது நமக்குத் தெரியாததா? நம் நவீனத்துவர்களும் பகுத்தறிவாளர்களும் 'திண்ணைப் பேச்சு' என்பதை வசைச் சொல்லாக்கியபோது, உற்பத்திக்கு உதவாத பேச்சு வீண் என்ற, அந்தத் தந்தி ஆபீஸ் அளவுகோலைத்தான் கையில் எடுத்தார்கள்.

யாக்கப்சனுக்கு இது ஆறில் ஒன்று. கழகத்துக்கு இதுவே எல்லாம். ஹாம்களின் சடங்குகள் அனைத்தும் வழியைப் பற்றிய பேச்சுதான். உன் சமிக்ஞை எனக்கு எப்படிக் கேட்கிறது என்று எண்ணால் சொல்வது. தொடர்பு நடந்ததற்குச் சாட்சியாக அச்சடித்த அட்டையைத் தபாலில் அனுப்புவது. உலகத்தின் எதிர்மூலையில் இருப்பவனிடம் 'நீ கேட்கிறாய், நான் கேட்கிறேன்' என்று தெரிவித்துவிட்டு, அதற்கு ஒரு பத்திரத்தையும் சுவரில் ஒட்டி வைப்பது.

இதன் உச்சம் 'ஃபீல்ட் டே'. 1933 ஜூனில் தொடங்கியது, போர் ஆண்டுகள் நீங்கலாகத் தொடர்ந்து நடக்கிறது. இப்போது ஜூன் மாதத்து நான்காம் வார இறுதியில். ஒரு வயல்வெளிக்கோ பூங்காவுக்கோ கருவிகளைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். மின்கம்பியை நம்பாமல் ஜெனரேட்டரிலோ பாட்டரியிலோ 24 மணி நேரம் நிலையம் நடத்தி, முடிந்தவரை அதிகம் பேரைத் தொடர்பு கொள்ள வேண்டும். கவண்கல்லில் நூலைக் கட்டி மரத்துக்கு மேலே எறிந்து ஏரியல் ஏற்றுவார்கள். ராத்திரி இரண்டு மணிக்குக் கொசுக்கடியில், மடக்கு மேஜைமுன், ஒருவர் கேட்க இன்னொருவர் பதிவேட்டில் எழுதுவார். பரிமாறிக்கொள்வது என்ன? அழைப்புக் குறி, எத்தனை நிலையம், எந்த வகை என்பதைக் குறிக்கும் '2 ஏ' போன்ற ஒரு குறிப்பு, எந்தப் பகுதி என்பது. நன்றி. அடுத்த ஆள். பேரிடர்ப் பயிற்சி என்று அதிகாரபூர்வமாகச் சொல்லப்பட்டாலும், மதிப்பெண் எண்ணுவதால் போட்டி. சமையல் நடப்பதால் விருந்து. விதிகளில் எனக்குப் பிடித்த ஒன்று: தேர்ந்தெடுக்கப்பட்ட மக்கள் பிரதிநிதி யாராவது முகாமுக்கு வந்து எட்டிப்பார்த்தால் 100 மதிப்பெண் போனஸ். ஊராட்சித் தலைவரைக் கெஞ்சிக் கூப்பிட்டு வந்து, காப்பி கொடுத்து, போட்டோ எடுத்து அனுப்புவார்கள். தம் முக்கியமின்மையைச் சட்டம் எழுதிவைத்த பிறகு, அரசின் பார்வைக்கு இவ்வளவு ஏக்கம்!

*

கூட்டுறவு என்று இதுவரை எழுதியதில் யார் யார் கூடினார்கள் என்ற கேள்வி நிற்கிறது.

காற்றில் நிறமில்லை, சாதியில்லை, அந்தஸ்தில்லை என்பது ஹாம்கள் தம்மைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் கதையாடல். மோர்ஸில் குரலே கிடையாது, குறி மட்டும்தான். ஆகவே அங்கே மனிதன் வெறும் மனிதனாக இருக்கிறான் என்பார்கள். ஆனால் அந்த மோர்ஸ் சுருக்கெழுத்திலேயே ஆண் ஒவ்வொருவனும் 'ஓ.எம்.', அதாவது கிழவன், அன்பாக. பெண் எத்தனை வயசானாலும் 'ஒய்.எல்.', இளம் பெண். மனைவியானால் 'எக்ஸ்.ஒய்.எல்.', முன்னாள் இளம் பெண். இதில் யாருக்கும் உறைக்கவில்லை என்பதுதான் விஷயம். பெண் ஹாம்கள் 1939இல் தமக்கெனத் தனி அமைப்பு தொடங்க நேர்ந்தது. கிராமத்துக் கழகக் கூட்டத்தில் வைக்கப்பட்ட பலகாரத்தைச் செய்தவர் பெரும்பாலும் கூட்டத்தில் பேசியவர் அல்ல.

நிறம் விஷயம் இன்னும் கடுமை. 1952இல் ஒகையோ, மிச்சிகன், இண்டியானா, கென்டக்கி மாநிலங்களின் கறுப்பின அமெச்சூர்கள் சேர்ந்து, அந்த மாநிலங்களின் முதலெழுத்துகளையே பெயராக்கி 'ஓமிக்' என்ற சங்கத்தை அமைத்தார்கள். எதற்குத் தனிச் சங்கம்? அது ஒதுக்கல் காலம். கறுப்பினப் பயணி காரில் கிளம்பினால் இரவு தங்க விடுதி கிடைக்காது. சாலையோர உணவகத்தில் சாப்பாடு கிடைக்காது. சில ஊர்களில் இருட்டிய பிறகு நிற்கக்கூட முடியாது. எந்தச் சாலை பாதுகாப்பு, யார் வீட்டில் தங்கலாம் என்று ரேடியோவில் ஒருவருக்கொருவர் வழிகாட்டிக்கொண்டார்கள். 'மழை எப்படி, ரோடு எப்படி' என்ற அதே முக்கியமில்லாத பேச்சுதான். ஒருவருக்குப் பொழுதுபோக்கு, இன்னொருவருக்கு உயிர்ப் பிரச்சினை. வெள்ளையர் கழகங்கள் காலைச் சிற்றுண்டிக்குக் கூடிய உணவகங்கள் எப்படிப்பட்டவை என்பதையும் இதோடு சேர்த்து வாசிக்க வேண்டும். காற்றில் நிறம் இல்லாமலிருக்கலாம். மேஜையில் இருந்தது.

எது முக்கியம், எது முக்கியமில்லை என்பது பேச்சுக்குள் இருக்கும் குணமல்ல. பேசுகிறவன் எங்கே நிற்கிறான் என்பதைப் பொறுத்தது. சட்டத்துக்கு இது தெரியாது என்றில்லை. அரசு தனக்கு ஆபத்து என்று நினைத்த மறுகணம் முக்கியமில்லாத பேச்சும் முக்கியமாகிவிடுகிறது. 1917 ஏப்ரலில் அமெரிக்கா போரில் இறங்கியதும் அமெச்சூர் நிலையங்கள் மூடப்பட்டன, கேட்பதற்குக்கூடத் தடை. பேர்ல் ஹார்பர் தாக்குதலுக்கு மறுநாள், 1941 டிசம்பர் 8இல் மறுபடியும் மூடல். பிரிட்டிஷ் இந்தியாவில் 1939இலேயே உரிமங்கள் போயின. அந்தத் தடைக் காலத்தில், 1942 ஆகஸ்ட் 27 முதல் நவம்பர் 12 வரை, பம்பாயில் உஷா மேத்தாவும் தோழர்களும் இடம் மாற்றி மாற்றி காங்கிரஸ் ரேடியோவை நடத்தினார்கள். அதற்குக் கருவி கட்டிக் கொடுத்த நரிமன் பிரின்டர் இந்த வித்தை தெரிந்த ஆள். போலீசுக்குக் காட்டிக்கொடுத்தவரும் அவரே. உஷா மேத்தாவுக்கு நான்கு ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. சுதந்திர இந்தியா கொண்டுவந்த 1978ஆம் ஆண்டு அமெச்சூர் விதிகளும் அரசியல் சர்ச்சையைப் பேசக் கூடாது என்றே எழுதின. வெள்ளைக்காரன் போனான், ஷரத்து போகவில்லை.

*

ஹாம்களின் வரலாற்றை அவர்களே எழுதும்போது வெள்ளம், புயல், பூகம்பம் என்று எழுதுகிறார்கள். 1937 ஜனவரியில் ஒகையோ ஆறு பெருகி டெலிபோனும் தந்தியும் அறுந்தபோது, கரையோர ஊர்களின் செய்திகளை அமெச்சூர்கள் சுமந்தார்கள். உண்மைதான். ஆனால் இந்தப் பேரிடர்க் கதையாடல் அரசிடம் காட்டும் நன்னடத்தைச் சான்றிதழும்கூட. எங்களை விட்டுவையுங்கள், ஒரு நாள் உதவுவோம் என்ற மனு. அதை மட்டும் எழுதினால், ஆயிரம் செவ்வாய்க்கிழமை நெட்டுகள் ஒரு வெள்ளத்துக்கான ஒத்திகையாகச் சுருங்கிவிடும். நான் மாற்றிப் பார்க்கிறேன். ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று வாரந்தோறும் சொல்லிச் சொல்லிப் பழகிய காதுக்குத்தான், ஒரு நாள் வராத குரல் எது என்று உடனே தெரிகிறது.

அமெரிக்காவுக்கு வெளியே இரண்டு உதாரணம். 1928இல் நோபிலேயின் 'இத்தாலியா' ஆகாயக் கப்பல் வடதுருவப் பனியில் விழுந்தது. துணைக் கப்பலுக்கே கேட்காத அவர்களுடைய அபயக் குறியை ஜூன் 3ஆம் தேதி ரஷ்யாவின் உள்ளொடுங்கிய கிராமமான வொஸ்னெசேனியே வோக்மாவில் நிகொலாய் ஷ்மித் என்ற இளைஞர், தானே செய்த ரிசீவரில் கேட்டார். மாஸ்கோவுக்குத் தந்தி போனது. சோவியத் பனியுடைப்புக் கப்பல் கிராசின் போய்த் தப்பியவர்களை மீட்டது. ஷ்மித் நாடறிந்த வீரரானார். ஜெர்மானிய வம்சாவளிப் பெயரும் ரேடியோ அறிவும் ஒரே ஆளிடம் இருந்தது பிற்பாடு குற்றமாயிற்று. 1942இல் அதே அரசு அவரை ஒற்றர் என்று சுட்டுக் கொன்றது. 1984இல் குற்றமற்றவர் என்றது. ராத்திரியெல்லாம் வேலையற்றுக் காதில் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தான் என்பதே முதலில் பெருமை, பிறகு சாட்சியம்.

இரண்டாவது நமக்குக் கிட்டத்தில். ஹைதராபாத்தின் தேசிய அமெச்சூர் ரேடியோ நிறுவனத்தைச் சேர்ந்த பாரதி பிரசாத் 1987க்குப் பிறகு அந்தமானிலிருந்து மீண்டும் ஒலிபரப்ப அனுமதி கேட்டுப் பல வருஷம் அலைந்து, 2004 டிசம்பரில் போர்ட் பிளேர் போனார். வேலை? உலகத்து ஹாம்களுக்கு அந்தமான் என்ற அரிய குறியைத் தருவது. உன் சமிக்ஞை நன்றாக இருக்கிறது, நன்றி, அடுத்து. இதைவிட முக்கியமில்லாத பேச்சு இருக்க முடியாது. 26ஆம் தேதி காலை தரை ஆடியது, கடல் ஏறியது, டெலிபோன் செத்தது. போட்ட ஆன்டெனா போட்டபடி இருந்தது. அடுத்த நாட்களில் அந்த வழியாகத்தான் தீவில் சிக்கியவர்களின் பெயர்கள் பெருநிலத்துக்கு வந்தன.

*

இப்போது கிராமத்துக் கழகங்கள் கரைந்துவருகின்றன. பையன்கள் நகரத்துக்குப் போய்விட்டார்கள், கைபேசி வந்துவிட்டது. 2007 பிப்ரவரியில் மோர்ஸ் தேர்வை அமெரிக்கா முழுவதுமாக எடுத்துவிட்டபோது, உரிமம் மலினப்பட்டதாகக் கிழவர்கள் கோபப்பட்டார்கள். மலினப்பட்டது உரிமமா, அவர்கள் பட்ட பாடா என்று யாரும் கேட்கவில்லை. உரிமதாரர் எண்ணிக்கை குறையவில்லை; கூட்டத்துக்கு வருபவர்கள்தான் குறைவு. நாற்காலிகளை எடுத்துப்போட ஆளில்லாத கழகங்கள் ஒன்றோடொன்று சேர்ந்துகொள்கின்றன.

இறந்த ஹாமை அவர்கள் 'மௌனமான சாவி' என்பார்கள். மோர்ஸ் தட்டும் சாவி. குடும்பத்தின் சம்மதத்தோடு அவருடைய அழைப்புக் குறியைக் கழகம் தன் குறியாகக் கேட்டு வாங்கிக்கொள்ளச் சட்டத்தில் இடமுண்டு. பல கழகங்கள் அப்படி வாங்கிக்கொள்கின்றன. ஒலிபரப்பும் நிலையம் பேச்சு நடக்கும்போது பத்து நிமிஷத்துக்கு ஒருமுறையாவது தன் குறியைச் சொல்லியாக வேண்டும் என்பது விதி. குன்றின்மேல் இருக்கும் ரிப்பீட்டருக்கு அதைச் செய்ய ஆள் வேண்டாம். கீழே மழையையும் முதுகுவலியையும் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது, பேச்சின் அடியில் மெல்லிய மோர்ஸில் செத்தவரின் குறியைத் தட்டுகிறது. பேசுகிறவர்கள் ஒரு வினாடி நிறுத்துவதுகூட இல்லை.